எடுத்துக்கோங்க

ஒரே ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போக, மாமா இரண்டு பைகளோடு வந்து சேர்ந்தார். ஒன்றில் தலையணை. இன்னொன்றில் என்ன என்று ஆந்தை கேட்டதற்கு, "அதுவும் தலையணைதான். காலுக்கு," என்றார். பின்னாலேயே அக்கா படியேறி வந்தாள்.

தூக்க ஆய்வுப் பிரிவு மருத்துவமனையின் உச்சி மாடியில் இருந்தது. லிஃப்ட் அதற்குக் கீழ்மாடியோடு நின்றுவிடும். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கனத்த சரீரக்காரர்கள். கடைசிப் படியில் வந்து நின்று, வாயைத் திறந்து மூச்சு வாங்குவார்கள். வியாதியைக் கண்டுபிடிக்க இந்தப் படிக்கட்டே போதும், மெஷின் எதற்கு என்று ஆந்தை அடிக்கடி சொல்வான். டாக்டரம்மா சிரித்ததில்லை.

ஆந்தை என்பது மாமா வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. வருஷக்கணக்காக ராத்திரி வேலை. ஆட்கள் தூங்குவதை இவன் விழித்திருந்து பார்க்க வேண்டும், அதற்குச் சம்பளம். பெண் கேட்டுப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னாள். அந்த வீட்டுக்காரர்கள் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள், அவ்வளவுதான்.

"இங்க பாரு," என்றாள் அக்கா, பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டே. "இவர் தூங்கினா நான் தூங்க முடியல. குறட்டையால இல்ல, குறட்டை நின்னாதான் பயம். மறுபடி வருதா வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டே கெடக்கிறேன். இன்னிக்கு ஒரு ராத்திரி நீ கேளு. நான் போய் பாப்பாவைக் கட்டிக்கிட்டுத் தூங்கப் போறேன்."

"போய்ட்டு வா. உன் புருஷனை முழுசா ஒப்படைக்கிறேன்."

"முழுசான்னா இந்தக் கட்டில் பத்தாதுடா," என்றார் மாமா, வயிற்றைத் தட்டி.

சிரித்தாலும் விஷயம் சிரிப்பில்லை. மாமா தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். போன மாதம் விடியற்காலையில் ஒரு நொடி கண் அசந்து, பேருந்து சாலை நடுத்திட்டில் ஏறி நின்றது. பயணிகள் தப்பித்தார்கள், மாமாவின் வேலை தொங்கலில் நின்றது. தூக்கம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் இனி ஸ்டியரிங்கைத் தொடலாம். அக்கா வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஸ்டியரிங்கால்.

"ஆந்தை, நம்ம பயதானே நீ. கும்பகர்ணன் மாதிரி தூங்குறான்னு நீயே எழுதிடேன்."

"கும்பகர்ணனுக்கு லைசென்ஸ் தர மாட்டாங்க மாமா. பேசாம உக்காருங்க."

தலையில் பசை தடவி, முடியை விலக்கி விலக்கி வயர்களை ஒட்டினான். கண்ணோரத்தில், தாடையில், கால்களில். மூக்கில் ஒரு குழாய், விரலில் ரத்தத்தில் ஓடும் காற்றை அளக்கிற கிளிப். மார்பைச் சுற்றி ஒரு பெல்ட், வயிற்றைச் சுற்றி ஒன்று. மூச்சு விரிந்தால் பெல்ட் விரியும், மானிட்டரில் ஒரு கோடு மேலே ஏறும். மூச்சு அடங்கினால் கோடு இறங்கும். அவ்வளவுதான் வித்தை.

"கரண்ட் குடுத்துராதடா."

"பில்லைப் பார்த்தா தானா ஷாக் அடிக்கும். படுங்க."

கண்காணிப்பு அறை நடுவில். இந்தப் பக்கம் ஒன்றாம் அறை, அந்தப் பக்கம் இரண்டாம் அறை. இரண்டிலும் கட்டில், திரை, மேலே ஒரு கேமரா, சுவரில் மைக்கும் ஸ்பீக்கரும். இன்று இரண்டாம் அறைக்கும் ஒருவர் வருவதாக இருந்தது. ஆந்தை புது விரிப்புப் போட்டு, பெல்ட்டுகளைக் கொக்கி மாட்டி வளையமாகக் கட்டில்மேல் வைத்து, வயர்களைப் பெட்டியில் சொருகித் தயாராக வைத்த பிறகு, வரவில்லை என்று போன் வந்தது. எடுத்து வைக்கச் சோம்பல். விட்டுவிட்டான்.

விளக்கை அணைத்ததும் ஒரு சோதனை உண்டு. ஆளைப் படுக்க வைத்து, ஸ்பீக்கரில் ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லி, கோடுகள் ஒழுங்காக அசைகின்றனவா என்று பார்ப்பது. "மூச்சை நல்லா இழுங்க" என்பதுதான் மற்ற எல்லாரும் சொல்வது. ஆந்தையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இழுக்கிறதுன்னா என்ன அர்த்தம்? நான் என்ன இழுத்துக்கிட்டா கெடக்கிறேன்?" என்று கண் கலங்கக் கேட்டார். சாகக் கிடக்கிறவருக்குத்தானே மூச்சு இழுக்கும். அன்றோடு அந்தச் சொல்லை ஆந்தை தலைமுழுகினான். அதற்குப் பதில், வீட்டுக்கு வந்தவரை உபசரிக்கிற மாதிரி, "எடுத்துக்கோங்க" என்று மாற்றிக்கொண்டான். படுத்திருப்பவர்கள் சிரிப்பார்கள், உடம்பு தளரும். நல்ல சொல் என்றுதான் நினைத்திருந்தான்.

பேசுவதற்கான விசையில் மூன்று நிலை. ஒன்று, இரண்டு, இரண்டும். வழக்கமாக இரு அறையிலும் ஆள் இருக்கும். இரண்டு தடவை சொல்லத் தொண்டை எதற்கு என்று ஒரே தடவையில் முடிப்பான். பழகிய கட்டைவிரல் இன்றும் தானாக 'இரண்டும்' பக்கம் தள்ளியது.

"கண்ணை மூடுங்க. இடது காலை ஆட்டுங்க. சரி. இப்ப மூச்சு. கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க. வேணுங்கிற அளவுக்கு, நல்லா எடுத்துக்கோங்க."

ஒன்றாம் அறையில் மாமா கெக்கெக்கென்று சிரித்தார். கோடு ஏறியது. எல்லாம் சரி.

கொஞ்ச நேரத்தில் குறட்டை ஆரம்பித்தது. மேட்டில் ஏறுகிற பேருந்து போல, ஒவ்வொரு கியராக. ஆந்தை ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தான்.

குறட்டை நின்றது.

இது இந்த வேலையில் சகஜம். தொண்டை அடைக்கும், மூச்சு நிற்கும், மூளை பதறி உலுக்கும், மூச்சு திரும்பும். ஆந்தை நாற்காலியில் சாய்ந்தபடி காத்திருந்தான். மாமாவின் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

திரையின் அடிப்பாதியில் ஏதோ அசைந்தது.

அது இரண்டாம் அறையின் பகுதி. அங்கே கோடுகள் சும்மா நேராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கோடு ஏறியது. நிதானமாக இறங்கியது. மறுபடி ஏறியது.

மாமாவின் வயரை இடம் மாற்றிச் சொருகிவிட்டேன் போல என்று தலையில் தட்டிக்கொண்டான். தன் கைவரிசை அவனுக்குத் தெரியும், வேறொன்றும் தோன்றவில்லை. அப்போது அடிக்கோடு அடங்கியது. அடங்கிய அதே நொடியில் மேலே மாமாவுக்கு மூச்சு வந்தது. குறட்டை, இரண்டு கியர், மூன்று கியர். மறுபடி மாமா நின்றார். மறுபடி கீழே ஏறியது.

ஒருவர் குடித்துவிட்டு அடுத்தவரிடம் டம்ளரை நீட்டுவது போல.

இரண்டாம் அறையின் கேமராப் படத்தைப் பெரிதாக்கினான். இருட்டில் எல்லாம் சாம்பல் நிறம். புது விரிப்பு, மடிப்புக் கலையாத போர்வை. வளையமாக மாட்டி வைத்த பெல்ட்டுகள் கட்டிலில் கிடக்கவில்லை.

கட்டிலுக்கு மேலே, ஒரு ஆள் படுத்தால் மார்பு எங்கே இருக்குமோ அங்கே, நின்றுகொண்டிருந்தன.

விரிந்தன. சுருங்கின. விரிந்தன.

உள்ளே ஆள் இல்லை.

ஆந்தை எழுந்து போனான். தைரியத்தில் இல்லை. கால்கள் அவனைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது பெல்ட்டுகள் விரிப்பில் தொய்ந்து கிடந்தன. அறையில் ஒரு வாடை. ரொம்ப நாள் தூங்கி எழுந்தவர் முதல் தடவை வாயைத் திறந்தால் வருமே, அது. தலையணையைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

பெட்டியிலிருந்து வயர்களைப் பிடுங்கினான். பெட்டியையே சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கண்காணிப்பு அறைக்குத் திரும்பினான்.

பெட்டி மடியில் இருந்தது. திரையில் அடிக்கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதன் ஏற்றம் உயரமாக இருந்தது, நன்றாகத் தேறிய உடம்பு போல. மேலே மாமாவின் கோடு அசையவே இல்லை. ரத்தத்தின் காற்று அளவு எண் எண்ணாகச் சரிந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் மாமாவை உலுக்கினான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூன்றாவது உலுக்கலில் மாமா தண்ணீருக்குள்ளிருந்து வருகிறவர் போல வாயைப் பிளந்து எழுந்தார்.

"என்னடா, விடிஞ்சிருச்சா?"

"இல்ல மாமா."

"பின்ன ஏன்டா? எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா. யாரோ நெஞ்சுக்குள்ள இருந்து அள்ளி அள்ளி எடுத்த மாதிரி."

இந்த மாதிரி ஆட்களுக்குப் பாதி ராத்திரியில் காற்று முகமூடி மாட்டுவது வழக்கம். மெஷின் காற்றைத் தள்ளும், அடைத்த தொண்டை திறக்கும். ஆந்தைக்கு அந்த நேரத்தில் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். மாட்டிவிட்டான். "யானை மாதிரி இருக்கேனா?" என்று முகமூடிக்குள்ளிருந்து கேட்டுவிட்டு, மாமா பேசிக்கொண்டிருந்த வாக்கிலேயே தூங்கிப்போனார்.

மெஷின் காற்றை அனுப்பியது. மாமாவின் மார்பு எழவில்லை. ஆந்தை கண்காணிப்பு அறைக்கு ஓடினான். கேமராப் படத்தில் இரண்டாம் அறையின் பெல்ட்டுகள் கொக்கி தெறிக்கும் அளவுக்கு விரிந்தன.

ஆந்தை விசையைப் பிடித்தான். அது 'இரண்டும்' என்பதில் இருந்ததை அப்போதுதான் கண்டான். யாரை அழைத்தோம், என்ன சொல்லி உபசரித்தோம் என்பது அவனுக்கு உறைத்தது. தெரிந்த சொல்லைச் சொன்னான்.

"மூச்சை விடுங்க."

இரண்டு கோடுகளும் ஒன்றாக இறங்கின.

இறங்கியவை அப்படியே நின்றன. மாமாவும் எடுக்கவில்லை, அதுவும் எடுக்கவில்லை. சொல்வதைக் கேட்கிற நல்ல பிள்ளைகளாக அடுத்த சொல்லுக்கு இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

சொன்னால் அது முந்திக்கொள்ளும். சொல்லாவிட்டால் மாமா.

விசையை 'ஒன்று' பக்கம் தள்ளினான். "மாமா. நீங்க மட்டும். நீங்க மட்டும் எடுத்துக்கோங்க."

மாமாவின் கோடு மெல்ல எழுந்தது. பாதி ஏறும்போது இரண்டாம் அறையின் மைக்கில் ஒரு கிசுகிசுப்பு வந்தது. கோபம் இல்லை. பந்தியில் விட்டுப்போன ஆளின் குரல், அவ்வளவு மரியாதை.

"அப்ப எனக்கு?"

ஆந்தை விசையிலிருந்து கையை எடுத்தான்.

"நீங்கதானே தம்பி சொன்னீங்க?"

மாமாவின் கோடு பாதியில் முறிந்தது.

அவன் அதற்குப் பிறகு விசையைத் தொடவில்லை. மாமாவை எழுப்பி, வயர்களோடு நாற்காலியில் உட்கார வைத்து, விடியும்வரை பேச்சுக் கொடுத்தான். தன் கல்யாணப் பேச்சு முறிந்த கதையை மூன்று தடவை சொன்னான். மாமா மூன்று தடவையும் சிரித்தார்.

காலையில் டாக்டரம்மா பதிவைப் புரட்டினார். "இவருக்குக் கடுமையா இருக்கு. முகமூடி போட்டுத் தூங்கட்டும், அப்புறம் பார்ப்போம். இப்ப வண்டி ஓட்டச் சொல்லி எழுதித் தர முடியாது." அடிக்கோட்டைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கினார். "ரெண்டாம் ரூம்ல யாரு? ரொம்ப நல்லா தூங்கியிருக்காரே."

"யாரும் வரல மேடம்."

"வயர் கோளாறா இருக்கும். ஆள் வரச் சொல்லு."

வீட்டுக்குப் போகிற வழியில் ஆந்தை எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னான். மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தான். மாமா சிரிக்கவில்லை.

"நேத்து நான் படுத்திருந்தப்ப அடுத்த ரூம்ல யாரோ இருமினாங்கடா. ஆள் இருக்குன்னு நினைச்சேன்."

"தூங்காதீங்க மாமா."

"எத்தனை நாளைக்கு?"

"லீவு போட்டுட்டு ராத்திரி நான் கூட இருக்கேன்," என்றான் ஆந்தை.

முறை வைத்து விழித்தார்கள். பகலில் அக்கா, ராத்திரியில் ஆந்தை. அக்காவிடம் டாக்டர் சொன்னதாக மட்டும் சொன்னார்கள். அவள் மாமாவின் முகத்தில் தண்ணீர் தெளித்தாள், கிள்ளினாள், பழைய சண்டைகளை எல்லாம் எடுத்துப் போட்டுப் புதிதாகப் போட்டாள். பாப்பா அப்பாவின் கண் இமைகளை விரலால் தூக்கிப் பிடித்து, "அவுட்!" என்று சிரித்தாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

ஒரு நாள் மாமா பேருந்துப் பணிமனைக்கு, வண்டி கழுவும் வேலையாவது கொடுங்கள் என்று கேட்கப் போனார். அதிகாரி வரட்டும் என்று பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கூடப் போன ஆந்தை இரண்டு டீ வாங்கப் போனான். கூட்டமாக இருந்தது. சில்லறை இல்லை என்று கடைக்காரர் இழுத்தடித்தார்.

திரும்பி வந்தபோது மாமா சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். முகத்தில் ஒரு லேசு. சுற்றியிருந்த ஓட்டுநர்கள் மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாவம், அசதி போல," என்றார் ஒருவர் ஆந்தையிடம். "தூங்கட்டும்னு நாங்க சத்தம் போடல."

அன்று ராத்திரி வீடு நிறைய உறவு. அழுது ஓய்ந்தவர்கள் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தார்கள். சுவரோரம் பெரியம்மா, அடுத்து மாமாவின் அண்ணன், அவர் மனைவி, அடுத்து அக்கா. கடைசியில் பாப்பா. அக்காவும் தூங்கிவிட்டாள். இனி நின்று நின்று வருகிற ஒரு மூச்சுக்காகக் காதைத் தீட்ட வேண்டியதில்லை.

ஆந்தை மட்டும் உட்கார்ந்திருந்தான். மானிட்டர் இல்லை, கோடு இல்லை. ஆனால் இத்தனை வருஷம் கேட்ட காது.

பெரியம்மாவின் மூச்சு நின்றது.

அங்கே படுத்திருந்த யாருடையதும் அல்லாத ஒரு மூச்சு, கூடத்தின் அந்தக் கோடியில், ஏறி இறங்கியது.

பெரியம்மாவுக்குத் திரும்ப வந்தது. அண்ணனுக்கு நின்றது.

ஆந்தை கத்தி எல்லாரையும் எழுப்பினான். விளக்கைப் போட்டான். "யாரும் தூங்காதீங்க! எழுந்து உக்காருங்க!" எழுந்தார்கள். கண்ணைக் கசக்கினார்கள். "மாமன்மேல உசுரு. பிள்ளைக்குப் புத்தி கலங்கியிருக்கு," என்று பெரியம்மா அழுதார். அவன் தலையைத் தடவி, தண்ணீர் கொடுத்து, விளக்கை அணைத்தார்கள். மனிதர்கள் வேறென்ன செய்வார்கள்? ஒவ்வொருவராகத் தூங்கிப்போனார்கள்.

அது அவசரப்படவில்லை. அடுத்தது, அதற்கு அடுத்தது. ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம். ருசி பார்ப்பது போல.

அக்காவின் மூச்சு நின்றது. ஆந்தை அவள் தோளைப் பிடிக்கக் குனிவதற்குள் திரும்பியது.

பாப்பாவின் மூச்சு நின்றது.

நின்றது.

திரும்பவில்லை. தூக்கி உலுக்கினான். பொம்மை மாதிரி தலை தொங்கியது. கன்னத்தைத் தட்டினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பக்கத்தில் அந்த மூச்சு, நிறைவாக, ஆழமாக, இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

ஆந்தை குழந்தையைப் பாயில் கிடத்தினான். அவள் பக்கத்தில், வரிசையின் கடைசி ஆளாக, தானும் மல்லாந்து படுத்தான். குரல், ஆச்சரியமாக, வேலை நேரத்துக் குரலாக வந்தது.

"இங்க வாங்க. பிள்ளையை விட்டுடுங்க. கூச்சப்படாதீங்க."

கண்ணை மூடிக்கொண்டான்.

"என்கிட்ட எடுத்துக்கோங்க."

பாப்பா இருமினாள். சிணுங்கினாள். புரண்டு படுத்து, சின்னச் சின்னதாக மூச்சு விட ஆரம்பித்தாள். ஆந்தை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான், கேட்க முடிகிறவரை.

கூடம் அமைதியானது. அவனுக்கு அந்தப் பக்கம் வெறும் தரை. யாரும் படுக்கவில்லை.

அவனுடைய தலையணையின் மறுபாதி மெல்ல அமுங்கியது.